யாரோ ஒருத்தரோட ரிப்போர்ட்

"காலையில எடுத்த ரத்தம். ரிப்போர்ட் வந்தாத்தான் டாக்டர் அடுத்து என்னன்னு முடிவு பண்ணுவார். போன் பண்ணினா இதோ அதோங்கறாங்க. நீங்களே ஒரு எட்டு லேபுக்குப் போய்…"

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. உள்ளே அவள் கணவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. படுத்த இடத்திலேயே மாடி ஏறுகிறவரைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தால், உடனே டயாலிசிஸ் போடுவதா, மருந்திலேயே சமாளிப்பதா என்று பார்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

லேப் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் இருந்தது. அவளுக்கு அது புதிய இடமில்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே லேபை நம்பித்தான். "தெரிஞ்ச இடம். சொட்டு இருக்கார். கையோட பாத்துச் சொல்லிடுவார்" என்று வண்டியில் வரும்போது மூச்சுக்கு மூச்சு நிறுத்தி அவர்தான் சொன்னார். சொட்டு என்பவர் லேபின் மூத்த டெக்னீஷியன். ஊசியைக் கண்டு மிரளும் ஆட்களிடம் "ஒரே சொட்டுதான், ஒரே சொட்டுதான்" என்று பேச்சுக் கொடுத்தே குழாய் நிறைய எடுத்துவிடுவார். பட்டப்பெயர் வைத்தது அவள் கணவர். அது டெக்னீஷியனுக்கும் பிடித்துப் போயிற்று. போன் செய்தால் "சொட்டு பேசறேன் மேடம்" என்றுதான் தொடங்குவார்.

மேடம் என்றால் அவள்தான். வீட்டுப் பின்னறையில் கணவனும் மனைவியுமாக நடத்திய கம்பெனி. அவர் எழுதுவார், அவள் போன் எடுப்பாள். லேபில் ரத்தம் பார்க்கிற மெஷினிலிருந்து அளவுகளை வாங்கி, நோயாளியின் பெயரோடு சேர்த்து, ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கிற புரோகிராம். மொத்தத்தையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டி அனுப்புவதில் அவருக்குத் தனிப் பெருமை. "எதையும் இன்ஸ்டால் பண்ணவேண்டாம். இதைக் காப்பி பண்ணிக்க, ரெண்டு தட்டு தட்டு, ஓடும்" என்பார். பல வருஷங்களாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லேப் கதவைத் தள்ளியதும் சொட்டு எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"மேடம், உங்க நம்பருக்குத்தான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஐ.சி.யூ. வாசலில் போனை அமைதியில் போடச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார்கள். போட்டிருந்தாள். திரை முழுக்க அவர் நம்பர்தான்.

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது? சார் அந்த நிலைமையில கிடக்கறார். உங்க புரோகிராம் ஓடலைன்னு நான் வந்து நிக்கவா?"

திரையில் அவர்களுடைய புரோகிராம் திறந்திருந்தது. மேலே நீலப் பட்டை, நடுவில் ஒரே வரி: மெஷினுக்காகக் காத்திருக்கிறது. பக்கத்தில் மெஷின், வாயில்லாத வெள்ளைப் பெட்டி. பழைய மெஷினில் அளவுகளைக் காட்டச் சின்னத் திரை ஒன்று இருந்தது. புதிதில் அதுவும் கிடையாது. எதுவானாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரவேண்டும்.

"மெஷின் பாத்து முடிச்சிடுச்சு மேடம். பச்சை லைட்டு வந்துது. ஆனா இங்க ஒண்ணும் வரல. மூடித் திறந்தேன். வரல. மறுபடியும் மூடித் திறந்தேன்…"

"ரீஸ்டார்ட் பண்ணலையா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சொட்டு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களைக் கேக்காம பண்ணக்கூடாதுன்னு சொன்னீங்களே மேடம்."

சொல்லியிருந்தாள். புது வெர்ஷன் போன கையோடு வேறொரு லேபில் இப்படித்தான் நின்றது. அவர்கள் அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட, அன்று காலை பார்த்த அளவுகள் அத்தனையும் போய்விட்டன. ஊசி குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களையெல்லாம் மறுபடி வரவழைத்தார்கள். உடனே எல்லா லேபுக்கும் அவள்தான் போன் போட்டு, எங்களைக் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கோளாறின் பின்னாலேயே அலைந்தார். மெஷினோடு பேசுகிற வேலையைப் புது வெர்ஷனில் தனியாகப் பிரித்துப் பின்னணியில் ஓட விட்டிருந்தார். அதற்கு வேலைக்காரன் என்று பெயர். விண்டோவை மூடினால் வேலைக்காரனும் வேலையை முடித்துக்கொண்டு போகவேண்டும். வீட்டு மேசையில் சொன்னபடி கேட்டான். மூட்டை கட்டி லேபுக்கு அனுப்பியதும் கேட்க மறுத்தான். விண்டோ மறைந்த பிறகும் யார் கண்ணிலும் படாமல் உள்ளேயே உட்கார்ந்து மெஷினின் லைனைப் பிடித்துக்கொண்டான். அடுத்து திறக்கிறவர்களுக்கு லைன் கிடைக்காது. காய்ச்சலோடும் வீங்கிய காலோடும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குப் பிடிச்சிடுவேன்" என்று தினமும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அவரை நாற்காலியிலிருந்து கிளப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அவள் சொட்டுவின் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எதெது ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். ஒரே பெயர் வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றது. ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் மெமரி எதிரே தெரிந்தது; சிலவற்றுக்குச் சின்ன அளவு, சிலவற்றுக்குப் பெரிய அளவு. அவர் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னது நினைவிருந்தது. ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது இரண்டு பேர் ஓடுவார்கள். ஒருவன் மூட்டையைப் பிரித்துக் கொடுக்கிறவன், இன்னொருவன் வேலை பார்க்கிறவன். யாரை மூடவேண்டும், யாரைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அதைத்தான் அவள் அன்று காதில் வாங்கவில்லை.

"நானும் ஒண்ணு ரெண்டை மூடிப் பாத்தேன் மேடம். சின்னதா இருந்ததை."

"உள்ள மாட்டிக்கிட்டவன்கிட்ட ரிசல்ட் இருக்கும் சார். மூடினா அதோட போயிடுமான்னு தெரியல. ரத்தம் மிச்சம் இருக்கா? மறுபடி போடலாமா?"

சொட்டு ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அடியில் லேசாகச் சிவப்புக் கறை. "சாருக்கு நரம்பே சிக்கல. ரெண்டு கையிலயும் குத்திப் பாத்துட்டேன். ஒரே சொட்டுதான் சார்னு வழக்கம்போல சொன்னேன். நெஜமாவே அவ்வளவுதான் வந்துது." குழாயைத் திரும்ப வைத்தார். "இதைப் பத்தித் தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா மேடம்? ஒரு போன் போட்டுக் கேட்டா…"

அதைப் பற்றித் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவள் எழுந்து மறுபடி படியேறினாள்.

ஐ.சி.யூ. வாசலில் நர்ஸ், "ரிப்போர்ட்?" என்றாள்.

"இதோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் கண்ணை மூடியிருந்தார். கட்டிலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க. புது வெர்ஷன் ஒரு இடத்துல நின்னுபோச்சு. உள்ள நாலஞ்சு ஓடுது. மூடினா ரிசல்ட் போயிடுமா?"

வந்ததிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்து புருவத்தைச் சுருக்கினார். பின்னறையில் திரையைப் பார்த்துச் சுருக்குகிற அதே சுருக்கம். ஊசி செருகியிருந்த கையாலேயே மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"எந்த… மெஷின்?"

"புதுசு. வெள்ளைப் பெட்டி."

"அப்ப போகாது. பழசுதான்… வச்சிருக்காது. இது வச்சிருக்கும். திரும்பக் கேட்டா… கொடுக்கும்."

"எதை மூடணும்?"

"பெரியவனை. சின்னவனை மட்டும் தொட்டா… பெரியவன் அங்கயே நின்னுக்குவான்." மூச்சு வாங்கினார். அவள் காத்திருந்தாள். "எல்லாப் பெரியவனையும். ஒருத்தன் பாக்கி இருந்தாலும்… லைனை விடமாட்டான்."

"சரி. நீங்க பேசாதீங்க, போதும்."

"போதும்னு… நானும்தான் அவன்கிட்ட சொல்றேன். வீட்டுல கேக்கறான். கட்டி அனுப்பினா கேக்கமாட்டேங்கறான். ஏன்னுதான்… பிடிபடல."

"அப்புறம் பாத்துக்கலாங்க."

மாஸ்க்கைச் சரியாக வைக்கப் போனவளின் கையை அவர் தடுத்தார். "யார் ரிப்போர்ட்?"

அவள் பக்கத்திலிருந்த மானிட்டரைப் பார்த்தாள். பச்சைக் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"யாரோ ஒருத்தரோடது."

"அவசரமா?"

"ம். அவசரந்தான்."

"அப்ப இங்க ஏன் நிக்கற? போ. அவங்க வீட்டாளுங்க… வாசல்லயே நின்னுட்டிருப்பாங்க."

மாஸ்க்கை மூக்கின் மேல் பொருத்தி, பட்டை காதை அறுக்காமல் இழுத்துவிட்டாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். புருவச் சுருக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

கீழே வந்து பெரிய அளவுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மூடினாள். ஒவ்வொரு பெரியதும் போகப்போக அதனோடு ஒட்டியிருந்த சின்னதும் தானாகவே மறைந்தது. கடைசி வரியும் போனதா என்று மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பிறகு புரோகிராமைத் திறந்து, 'மறுபடி கேள்' என்ற பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்தது அவள்தான்.

வெள்ளைப் பெட்டியில் விளக்கு துடித்தது. திரையில் வரிகள் வந்து விழுந்தன. சொட்டு அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். ரிப்போர்ட்டில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் கணவரின் பெயர். பொட்டாசியத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி. எல்லை மீறிய அளவைச் சிவப்பில் காட்டலாம் என்று அவர் சொன்னபோது, "சிவப்பு வேண்டாங்க, பாத்தவுடனே பயந்துடுவாங்க, ஒரு நட்சத்திரம் போட்டாப் போதும்" என்றவள் அவள். எண்ணுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாது. சொட்டுவுக்குத் தெரியும். பிரிண்டரிலிருந்து காகிதம் முழுதாக வெளியே வருவதற்குள் அவர் உள் போனை எடுத்துவிட்டார்.

"நான் நம்பரைப் போன்லயே சொல்லிடறேன். நீங்க பேப்பரோட ஓடுங்க மேடம்."

அவள் காகிதத்தை உருவினாள். சொட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐ.சி.யூ.வில் யாரும் எடுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன, நிறையக் கால்கள். யாரோ மூச்சு வாங்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அவளை வாசலிலேயே தடுத்து நிறுத்தினாள். ரிப்போர்ட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டத்தில் எண்ணுகிற குரல் நின்றது.

டாக்டர் வந்து கையை நீட்டினார். கொடுத்தாள். படித்தார். இரண்டாக மடித்தார்.

"இது முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்…"

"இதயம் நின்னுபோச்சும்மா. எங்களால ஆனதைப் பண்ணிப் பாத்தோம்."

அவள் கேட்டது அதை இல்லை. ஆனால் இன்னொரு தடவை கேட்கவில்லை. டாக்டர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அவள் கையைத் தொடலாமா என்று யோசித்தவர் போலத் தன் கையை எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டு போனார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்காமலே மூடியிருந்தால் ரிப்போர்ட் முன்னாலேயே மேலே போயிருக்கும். கேட்கப் போயிராவிட்டால் அவர் குரலை இன்னொரு முறை கேட்டிருக்கமாட்டாள். இரண்டையும் சேர்த்து நினைக்க அவளால் முடியவில்லை. ஒன்றை எடுத்தால் மற்றது நழுவி விழுந்தது.

சொட்டு வந்து சுவரோரமாக நின்றார். கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"நான் அத்தனை தடவை மூடித் திறந்திருக்கக் கூடாது மேடம்."

"மூடினா மூடணும் சார். அதுக்குத்தானே மூடறது. உங்க மேல தப்பில்ல."

அவர் தலையாட்டினார். தப்பு யார் மேல் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "சாரைப் போய்ப் பாக்கலாமா?" என்றார். "போங்க" என்றாள். கதவுவரை போனவர், உள்ளே போகாமல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

கணவரின் அக்கா வந்து சேர்ந்தபோது உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு பாடு அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்தி, பெஞ்சில் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடைசியா ஏதாவது பேசினானா?"

"வேலையைப் பத்தித்தான் அண்ணி."

"வேற எதைப் பேசுவான் அவன்! எங்கம்மா செத்த அன்னிக்கு எல்லாரும் நடுவீட்டுல கத்திக்கிட்டிருக்கோம், இவன் மொட்டைமாடியில நின்னு எவனுக்கோ போன்ல சொல்றான், வலது பக்கம் அமுக்குங்க, இப்ப இடது பக்கம் அமுக்குங்கன்னு." சிரிக்க ஆரம்பித்தது பாதியில் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "என்னை ஏதும் கேட்டானா?"

"நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டார்."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "பஸ்ஸு கிடைக்கல, அதான்" என்றாள், அவரிடம் சொல்வதுபோல.

மடியிலிருந்த கைப்பை அதிர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். வேறொரு லேப்.

"மேடம், காத்திருக்கிறதுன்னே நிக்குது. மூடித் திறந்தும் பாத்துட்டேன்."

அந்த வெர்ஷன் இங்கே மட்டுமா போயிருக்கிறது?

"வெள்ளைப் பெட்டியா, பழசா?" என்று கேட்டாள். வெள்ளைப் பெட்டி. எதை மூடவேண்டும், எதை அழுத்தவேண்டும் என்று சொல்லி, வைத்த கையோடு அடுத்த லேபைக் கூப்பிட்டாள். பிறகு அதற்கடுத்ததை. "புது வெர்ஷனை எடுத்துடுங்க. போன மாசம் வரைக்கும் ஓடினது இருக்கில்ல, அதையே போடுங்க. ஆமா, இன்னிக்கே. இப்பவே."

"சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேனே" என்றார் ஒருவர்.

"சார் இல்லைங்க."

"வெளிய போயிருக்காரா? வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க."

"பழசைப் போட்டாச்சா? மேல என்ன நம்பர் காட்டுது, படிங்க" என்றாள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இந்த நேரத்துல யாருக்கும்மா இத்தனை போன்? யாருக்குச் சொல்லணுமோ நான் சொல்றேன், குடு."

"இன்னும் கொஞ்சம் பேர்தான் அண்ணி. இல்லைன்னா அங்கயும் நின்னுடும்."

எது நின்றுவிடும் என்று அண்ணிக்குப் புரியவில்லை. ஆனாலும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கடைசியாக எடுத்தது சின்ன லேப் ஒன்று, ஒரே ஒரு பெண் நடத்துவது. அங்கேயும் நின்றுபோயிருந்தது. "வாசல்ல ஒரு அம்மா குழந்தையோட நிக்கறாங்க மேடம், டாக்டர் கிளம்பிடுவாராம்" என்று அழுகிற குரலில் பேசினாள். இவள் படிப்படியாகச் சொன்னாள். பெரியவனைப் பாருங்க. இல்ல, அது சின்னவன். அதுக்கு மேல. ஆங், அதுதான். இன்னொருத்தன் இருக்கானா? அவனையும். இப்ப திறங்க. மறுபடி கேளுன்னு இருக்கு பாருங்க.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று, "வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு!" என்று அந்தப் பெண் கத்தினாள். அண்ணிக்கே கேட்டது.

"குடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். குடிக்கவேண்டும் என்று தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தவளின் கையோடு பாட்டிலைத் தூக்கி, வாயருகே கொண்டுபோய்க் குடிக்க வைத்தாள்.

கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வெயில் இறங்குகிற நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வண்டி வந்தது. டிரைவர் கதவைத் திறந்து, அவரை உள்ளே ஏற்ற உதவினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"பின்னால ஒருத்தர் கூட உக்காந்துக்கங்கம்மா. பெல்ட்டு ஒண்ணு சரியா மாட்டல. திருப்பத்துல கொஞ்சம் பிடிச்சுக்கணும்."

"நான் உக்கார்றேன்" என்றாள். அண்ணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. தெருக்கள் குறுகலாக இருந்தன. முதல் திருப்பத்தில் அவருடைய உடம்பு அவள் பக்கமாகச் சரிந்தது. தோளில் கைவைத்து நிறுத்தினாள். அடுத்த திருப்பத்தில் அந்தப் பக்கம் போகப் பார்த்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் மெதுவாக ஓட்டினார்.

பிறகு பெரிய சாலை வந்தது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் திருப்பமே இல்லை. "இனிமே ஆடாதும்மா, கையை எடுத்துக்கலாம்" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.